வேர்டில் எழுதிய பைதன் ஏன் ஓடவில்லை? தொடக்கநிலைக்கு எந்த எடிட்டர் நல்லது?

கோண்டாவில் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தர வகுப்புத் தொடங்கும்வரை வீட்டில் இருக்கிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுக்க எண்ணியிருப்பதால், பைதன் என்னும் நிரலாக்க மொழியை முன்கூட்டியே பழகிக்கொள்ள விரும்பினேன். சாதாரண தரத்தில் பஸ்கால் மொழியைப் படித்திருக்கிறேன். ஆனால் ஆய்வுகூடத்தில் ஒரு கணினியின் முன் மூன்று பேர் இருந்த காரணத்தால், என் கையால் தட்டச்சுச் செய்தது மிகக் குறைவு.

வீட்டில் இருப்பது அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினி. அதில் விண்டோஸ் 7 உள்ளது, நினைவகம் 2 ஜிபி, பைதன் 3.8 ஐ அண்ணாவே நிறுவியிருந்தார். நான் வேர்டில் நான்கு வரிச் செய்நிரல் ஒன்றை எழுதிச் சேமித்து, கோப்புப் பெயரின் இறுதியைப் பைதனுக்குரிய பின்னொட்டாக மாற்றிக் கட்டளைச் சாளரத்தில் ஓடவிட்டேன். "மெயின் என்னும் மொடியூலைக் காணவில்லை" என்ற பொருளில் ஒரு பிழை வந்தது. நான் எழுதிய நான்கு வரிகளில் மெயின் என்ற சொல்லே இல்லை. பிறகு அந்த வரிகளை வேர்டிலிருந்து பிரதிசெய்து நோட்பாடில் ஒட்டிச் சேமித்தேன். இப்போது "யூடிஎஃப்-8 அல்லாத குறியீடு, 93 இல் தொடங்குகிறது" என்கிறது. அந்த 93 ஐயும் நான் எழுதவில்லை.

இரண்டு நாள்களாக இதிலேயே இருக்கிறேன். செய்நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டர்களில் எதில் தொடங்குவது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

வடமராட்சி ஆசிரியர்:

பிள்ளை, உங்களுக்கு வந்த இரண்டு பிழைகளும் பயனுள்ளவை. எடிட்டரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவற்றை விளக்குகிறேன், ஏனெனில் எடிட்டர் எதற்காக வேண்டும் என்பதற்கான விடை அந்தப் பிழைகளுக்குள்ளேயே இருக்கிறது.

வேர்ட் சேமிக்கும் கோப்பு வெறும் எழுத்துகளின் வரிசை அன்று. அது உண்மையில் ஒரு சிப் (zip) பொதி. எழுத்துரு, பக்க அளவு, பந்தி அமைப்பு, நீங்கள் எழுதிய சொற்கள் ஆகியன தனித்தனிக் கோப்புகளாக அதற்குள் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். பெயரின் இறுதியை மாற்றியதால் உள்ளடக்கம் மாறிவிடாது. பைதனோ பெயரைப் பார்த்து ஏமாறாமல், கோப்பைத் திறந்து, இது ஒரு சிப் பொதி என்று அறிந்துகொண்டது. சிப் பொதியாகக் கட்டிய செய்நிரலையும் ஓடவிடும் வசதி பைதனில் உண்டு. அப்படிப்பட்ட பொதிக்குள் மெயின் என்னும் தொடக்கக் கோப்பு இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பொதிக்குள் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் "காணவில்லை" என்று சொன்னது. ஆகவே நான்கு வரிகளைப் பைதன் வாசிக்கத் தொடங்கவே இல்லை.

இரண்டாவது பிழைக்குக் காரணம் மேற்கோள் குறி. விசைப்பலகையில் நாம் தட்டும் மேற்கோள் குறி நேரானது. வேர்ட் அழகுக்காக அதை வளைந்த குறியாகத் தானே மாற்றிவிடுகிறது. விண்டோஸ் 7 இன் நோட்பாட், நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கோப்பை, எழுத்துக்கு ஓர் எண் (ஒரு பைட்டு) என்ற பழைய குறியீட்டு அட்டவணையில் சேமிக்கும், சேமிக்கும் சாளரத்தில் அதற்கு அன்சி என்று பெயர். அந்த அட்டவணையில் இடப்புறம் வளைந்த இரட்டை மேற்கோளின் எண், பதினறும எண்முறையில், 93. பைதன் 3, நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், செய்நிரல் கோப்பை யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில்தான் வாசிக்க முயலும். அம்முறையில் 93 என்ற பைட்டு தனியே நின்று எந்த எழுத்தையும் தொடங்க முடியாது. நோட்பாடில் யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து சேமித்திருந்தால் இந்தப் பிழை மறைந்திருக்கும், ஆனால் வளைந்த குறி தகாத எழுத்து என்ற வேறொரு பிழை அந்த இடத்தில் வந்திருக்கும்.

எனவே செய்நிரல் எழுதுவதற்கு நாம் தட்டிய எழுத்துகளை மட்டும், ஒன்றைக்கூட மாற்றாமல், சேமிக்கும் கருவி வேண்டும். நோட்பாடே அதற்குப் போதும் என்றாலும், உங்கள் கணினிக்கு நான் நோட்பாட் பிளஸ் பிளஸ் என்பதைச் சொல்வேன். 2003 முதல் வெளிவருகின்ற இலவச, திறமூல மென்பொருள். தரவிறக்க வேண்டியது பத்து எம்பிக்கும் குறைவு. 2 ஜிபி நினைவகத்தில் தடையின்றி ஓடும். நிறுவிய பின் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். விருப்பத் தெரிவுகளில் தாவல் சாவியை நான்கு வெற்றிடங்களாக மாற்றும் தெரிவை இடுங்கள், ஏனெனில் ஒரே பந்தியில் தாவலும் வெற்றிடமும் கலந்தால் பைதன் 3 மறுத்துவிடும், கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குறியீட்டு முறை யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று கீழ்ப்பட்டையில் பாருங்கள். புதிய கோப்பை ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னரே சரியான பின்னொட்டுடன் சேமியுங்கள். அப்போதுதான் எடிட்டர் மொழியை அறிந்து நிறங்களைத் தரும்.

திருநெல்வேலி நிரலாளர்:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. எடிட்டர் தெரிவில் மட்டும் எனக்குச் சிறிது மாற்றுக் கருத்து உண்டு.

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் ஏறத்தாழ எல்லோரும் பயன்படுத்துவது விஷுவல் ஸ்டூடியோ கோட். மைக்ரோசொப்ட் அதை 2015 இல் அறிமுகப்படுத்தியது. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஒரே முகத்தோடு இயங்கும். பிழையான வரியின் அடியில் சிவப்புக் கோடு இடும், கோப்புறை முழுவதையும் ஒருபுறம் காட்டும், கட்டளைச் சாளரத்தையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். தங்கச்சி இரண்டு நாள் தவித்த வளைந்த மேற்கோளை அது உடனே அடிக்கோடிட்டுக் காட்டியிருக்கும். பின்னாளில் எப்படியும் பயன்படுத்தப்போகிற கருவியை முதலிலேயே பழகுவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

எனினும் அந்த மடிக்கணினியில் இது சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ கோட் எலக்ட்ரோன் என்னும் கட்டமைப்பின் மேல் எழுப்பப்பட்டது. அதாவது எடிட்டரைத் திறக்கும்போது உள்ளே ஒரு முழு இணைய உலாவியும் சேர்ந்தே ஓடுகிறது. 2 ஜிபி நினைவகம் அதற்குத் திணறும். அதற்கு மேலாக, அதன் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7 இல் இயங்குவதை நிறுத்திவிட்டன. பைதனும் அவ்வாறே: 3.8 தான் விண்டோஸ் 7 இல் இயங்கும் கடைசிப் பதிப்பு, 3.9 முதல் நிறுவவே முடியாது. அண்ணா 3.8 ஐ இட்டுச் சென்றதன் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு வழி உண்டு. கனமற்ற லினக்ஸ் ஒன்றை அந்தக் கணினியில் நிறுவினால் புதிய பைதனும் கிடைக்கும், ஜீனி என்னும் சிறிய எடிட்டரும் கிடைக்கும். ஜீனியில் எழுதிவிட்டு ஒரு சாவியைத் தட்டினால் செய்நிரல் ஓடும். ஆனால் லினக்ஸ் நிறுவுவதற்கு முன் அண்ணாவின் படங்களையும் கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனெனில் என் உறவினர் ஒருவர் வீட்டில் அவசரப்பட்டு நிறுவி, ஒரு திருமணத்தின் படங்கள் முழுவதையும் இழந்தோம்.

வடமராட்சி ஆசிரியர்:

நிரலாளர் அம்மாவின் அனுபவத்தை மதிக்கிறேன். வேலைத்தளத்துக்கு எது ஏற்றது என்பதில் எனக்கு வாதமே இல்லை. என் கவலை பரீட்சை மண்டபத்தைப் பற்றியது.

உயர்தரப் பரீட்சையில் பைதன் வினாவுக்கான விடையைப் பிள்ளைகள் பேனாவால் தாளில் எழுதுகிறார்கள். அங்கே சிவப்புக் கோடும் இல்லை, பாதிச் சொல்லைத் தட்டியதும் மீதியை நீட்டும் பட்டியலும் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் என் வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டில் நல்ல கணினியும் வசதியான எடிட்டரும் உள்ள பிள்ளைகள், நிபந்தனை வரியின் இறுதியில் வரவேண்டிய முக்காற்புள்ளியைத் தாளில் விட்டுவிடுகிறார்கள். அடைப்புக்குறியைத் திறக்கிறார்கள், மூடுவதில்லை, ஏனெனில் வீட்டில் அதை மூடியது எடிட்டர். வரியை உள்தள்ளி எழுதியதும் எடிட்டர். பிள்ளைக்குத் தர்க்கம் தெரியும், ஆனால் அந்தக் கை பழகவில்லை.

ஆகவே முதல் ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு, நிறம் மட்டும் தருகின்ற, வேறெதையும் செய்யாத எடிட்டரே நல்லது என்பது என் உறுதியான முடிவு. நோட்பாட் பிளஸ் பிளஸிலும் சொல்லை முடித்துத் தரும் வசதி இருக்கிறது. விருப்பத் தெரிவுகளில் தானே நிறைவுசெய்தல் என்னும் பகுதிக்குச் சென்று அதை நிறுத்திவிடுங்கள்.

திருநெல்வேலி நிரலாளர்:

ஐயா, நிறைவுசெய்தலை நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்கிறேன், விஷுவல் ஸ்டூடியோ கோடிலும் அதைச் செய்யலாம். பிழைக்கோட்டை நிறுத்துவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அருகில் கேட்பதற்கு ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கோடு ஓர் ஆசிரியர் விரல் வைத்துக் காட்டுவது போன்றது. தங்கச்சி இங்கே எழுதிக் கேட்டார், கேட்க இடம் தெரியாமல் அந்த 93 இலேயே பாடத்தை விட்டுப்போகிறவர்கள் எத்தனை பேர்? பெண்பிள்ளைகளில் அப்படி விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை குறைவாக இருக்கவில்லை, பிழையைப் படித்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் போனது.

இன்னொன்று. எந்த எடிட்டரும் நிலையானது என்று நினைக்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அட்டம் என்னும் எடிட்டரைத்தான் பழகினேன். 2022 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். மறுபுறம் 1976 இல் பில் ஜோய் எழுதிய வி என்னும் எடிட்டரின் வழிவந்த விம் இன்றும் உலகெங்கும் சேவையகங்களில் இருக்கிறது. ஆகவே பெயரைப் பற்றிக்கொள்ளாமல், சேமிப்பது, தேடுவது, தேடி மாற்றுவது, வரியெண்ணுக்குப் போவது, பல வரிகளை ஒன்றாக உள்தள்ளுவது ஆகிய ஐந்தையும் எங்கு போனாலும் முதலில் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பைதனின் பிழைச் செய்தி வரியெண்ணோடு வரும் என்பதால் வரியெண்ணுக்குப் போவது மிக முக்கியம்.

பழைய சுன்னாகத்தான்:

இரண்டு பேரும் எழுதியதை வாசித்தேன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

1990களில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் நான் பஸ்கால் கற்றேன். மண்ணெண்ணெய் விளக்கின் முன் கொப்பியில் செய்நிரலை எழுதி, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் மாறிகளின் பெறுமதி எப்படி மாறுகிறது என்று அட்டவணை போட்டு, பிழை இல்லை என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திய பிறகே கணினி இருக்கும் இடத்துக்குப் போவோம். ஜெனரேற்றர் ஓடுகிற நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது கால் மணித்தியாலம். திரையில் போர்லண்ட் நிறுவனத்தின் டர்போ பஸ்கால், நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள். 1983 இல் வெளிவந்த மென்பொருள் அது. எழுதுவது, தொகுப்பது, ஓடவிடுவது மூன்றையும் ஒரே திரையில் செய்யலாம் என்பது அந்த நாளில் பெரிய காரியம். இன்று பாடசாலைகளில் பயன்படும் ஃபிரீ பஸ்காலின் நீலத் திரை அதன் சாயலில் அமைந்ததுதான்.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அது வரக்கூடாது. ஆனால் கொப்பியில் பெறுமதிகளை எழுதிப் பார்க்கும் அந்தப் பழக்கம் எனக்கு முப்பது ஆண்டுகளாகச் சோறு போடுகிறது. இன்று அதையே திரையில் காட்டும் கருவி இருக்கிறது. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தொனி என்னும் மென்பொருளைப் பாருங்கள். தொடக்கநிலைப் பைதனுக்காகவே செய்யப்பட்டது. பைதனையும் தன்னோடு கொண்டுவரும். ஒரு வரி, ஒரு வரியாக நிறுத்தி ஓடவிட்டால், மாறிகளின் பெறுமதி பக்கத்துப் பெட்டியில் மாறுவதைக் காணலாம். விண்டோஸ் 7 இல் இயங்கும் பதிப்பைப் பார்த்து இறக்க வேண்டும்.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்ததை எல்லோரும் அறிவோம். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் பற்றரி செத்துப்போயிருக்கும், மின்சாரம் போனால் கணினியும் போகும். நோட்பாட் பிளஸ் பிளஸ், சேமிக்காத எழுத்தையும் வழக்கமாக ஏழு விநாடிக்கு ஒரு தடவை தனியிடத்தில் பிரதி எடுத்து வைக்கும். சாதாரண நோட்பாடுக்கு விண்டோஸ் 7 இல் அந்த வசதி இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஆசிரியரின் தெரிவை ஆதரிக்கிறேன்.

வேலணையூரான்:

இழைக்குள் ஓர் இடைக்கேள்வி. என்னிடம் கணினி இல்லை, அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி மட்டும் இருக்கிறது. தொடங்கவே முடியாதா?

திருநெல்வேலி நிரலாளர்:

முடியும் தம்பி. பைதனுக்குப் பைட்ரொய்ட் என்னும் செயலி இருக்கிறது, ஒருமுறை இறக்கிய பின் இணையம் இல்லாமலும் ஓடும். இணையப் பக்கங்களுக்கு ஏகோட் என்னும் திறமூல எடிட்டர் போதும். தொலைபேசியின் விசைப்பலகை வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும், சொல்லையும் திருத்தும், பைதனுக்கோ பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. அந்த இரண்டையும் அமைப்புகளில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கோண்டாவில் மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோட்பாட் பிளஸ் பிளஸை நிறுவி, ஆசிரியர் ஐயா சொன்ன மூன்றையும் செய்தேன். நான்கு வரிகளையும் பிரதிசெய்யாமல் புதிதாகத் தட்டினேன், ஓடிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தத் துணிவில், எங்கள் மாமாவின் அச்சகத்துக்கு ஓர் எளிய இணையப் பக்கம் எழுதித் தர முயன்றேன். வேலைக்கு இடையில் மாமாவின் கணினியில், சாதாரண நோட்பாடில் எழுதினேன். இரண்டு தடைகள். முதலாவது, கோப்பை இரட்டைச் சொடுக்கினால் பக்கமாகத் திறக்காமல் மீண்டும் நோட்பாடிலேயே திறக்கிறது, பெயரோ சரியாகத்தான் தெரிகிறது. இரண்டாவது, மாமா தட்டித் தந்த தமிழ், அவருடைய வேர்டில் தமிழாகத் தெரிகிறது, என் கோப்பில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகிறது. "அம்மா" என்பதற்குப் பதில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. யூடிஎஃப்-8 என்று சேமித்தும் மாறவில்லை.

வடமராட்சி ஆசிரியர்:

முதலாவதற்கு விடை சுருக்கமானது. நோட்பாட் நீங்கள் இட்ட பெயருக்குப் பின்னால் தன் உரைப் பின்னொட்டையும் சேர்த்துவிட்டது, விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் கோப்புறைத் தெரிவுகளுக்குப் போய், அறிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை மறைக்கும் தெரிவை நீக்குங்கள். இரட்டைப் பின்னொட்டு உடனே கண்ணுக்குத் தெரியும். நான் எந்தப் புதிய வகுப்பையும் இந்தத் தெரிவை நீக்கித்தான் தொடங்குகிறேன்.

இரண்டாவது நம் ஊருக்கே உரிய சிக்கல், விரிவாகச் சொல்ல வேண்டியது. மாமா தட்டியது பாமினி எழுத்துருவில். இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினியிலேயே வேலை செய்தன, இன்றும் பல இடங்களில் அதுவே. ஆனால் பாமினிக் கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவங்களை வரைந்து காட்டும் வேலையை மட்டும் பாமினி செய்கிறது. ஆகவே எழுத்துரு மாறியதும் வேடம் கலைகிறது. எடிட்டருக்கு எழுத்துரு அலங்காரம் தெரியாது, கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தாலும் ஆங்கில எழுத்து ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்படும்.

உலக மொழிகளுக்குப் பொதுவான யுனிகோட் முறையிலோ தமிழுக்கு அதற்கே உரிய எண்கள் உண்டு. எந்த எழுத்துருவில் பார்த்தாலும், எந்த நாட்டில் திறந்தாலும் அது தமிழே. மாமாவின் பழைய கோப்புகளைப் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. புதிதாகத் தட்டுவதற்கு, பாமினியின் விரல் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு யுனிகோடைத் தரும் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. பல ஆண்டு பழகிய மாமாவின் விரல்களை மாற்ற வேண்டியதில்லை, கோப்புக்குள் போவது மட்டும் மாறினால் போதும்.

பிறகு பக்கத்தின் தலைப்பகுதியில், எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரியை மறவாமல் இடுங்கள். அது இல்லாவிட்டால் உலாவி ஊகிக்கத் தொடங்கும், ஊகம் தவறினால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாக மூன்று விசித்திரக் குறிகள் வரிசையாக நிற்கும். மூன்று என்பதற்குக் காரணம், யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டு இடம் எடுப்பதே.

திருநெல்வேலி நிரலாளர்:

பின்னர் பிஎச்பி என்னும் இணைய நிரலாக்க மொழியைப் படிக்கும்போது உதவும் ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். விண்டோஸ் 7 நோட்பாடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் பொம் என்னும் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை அது சேர்க்கிறது. பைதன் செய்நிரலுக்கு அதனால் தீங்கில்லை. பிஎச்பி மட்டும் அதைப் பக்கத்தின் உள்ளடக்கம் என்று எண்ணி முதலில் அனுப்பிவிடுவதால், தலைப்புகள் (உள்ளடக்கத்துக்கு முன் செல்லவேண்டிய தகவல்கள்) ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற எச்சரிக்கை எழும், நீங்கள் எழுதிய வரியில் எந்தக் குற்றமும் இராது. நோட்பாட் பிளஸ் பிளஸின் குறியீட்டுப் பட்டியில் பொம் உள்ளது, பொம் இல்லாதது என்று இரண்டும் தனித்தனியே இருக்கும். பொம் இல்லாததையே தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 10 இல் 2019 மே மாதப் புதுப்பிப்புக்குப் பின் நோட்பாடும் பொம் இல்லாத யூடிஎஃப்-8 ஐயே வழக்கமாகக் கொண்டுவிட்டது.

கோண்டாவில் மாணவி:

ஐயா, அக்கா, மாமாவின் பக்கம் தமிழில் தெரிகிறது. மாமா அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, திருமண அழைப்பிதழ் மாதிரிகளையும் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பைதனில் ஒரு சந்தேகம். வீட்டாரின் தொலைபேசி எண்களை ஓர் உரைக் கோப்பில் எழுதி, அதைப் பைதனால் வாசிக்க முயன்றேன். கோப்பின் முதற்சொல் "அம்மா". பொம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகத்தான் சேமித்தேன். "8டி என்னும் பைட்டை வாசிக்க முடியவில்லை, இடம் 8" என்று நின்றுவிட்டது.

பழைய சுன்னாகத்தான்:

மகள், இந்தப் பிழையை ஒரு கடதாசியில் பிரித்துப் பாருங்கள். அம்மா என்ற சொல் கணினிக்குள் அ, ம, புள்ளி, ம, ஆகாரக் கால் என ஐந்து குறிகளாக நிற்கிறது. குறிக்கு மூன்று பைட்டு. பைதன் பூச்சியத்திலிருந்து எண்ணும். அகரம் 0, 1, 2 ஆம் இடங்கள். மகரம் 3, 4, 5. புள்ளி 6, 7, 8. ஆகவே எட்டாம் இடத்தில் இருப்பது புள்ளியின் கடைசிப் பைட்டு. அதன் பெறுமதி, பதினறும எண்முறையில், 8டி.

பைதன் 3 செய்நிரல் கோப்பை யூடிஎஃப்-8 என்று கொள்ளும். ஆனால் அந்தச் செய்நிரல் திறக்கும் பிற கோப்புகளை, விண்டோஸில், கணினியின் பழைய ஒரு பைட்டு அட்டவணைப்படி வாசிக்க முற்படும். அந்த அட்டவணையில் 8டி என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. உங்களைத் தடுத்தது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி. கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளைக்குள் என்கோடிங் என்னும் பெயருடன் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். விண்டோஸின் கறுப்புக் கட்டளைச் சாளரம் தமிழைச் சரியாகக் காட்டாது என்பதால், விடையை அங்கே பார்க்காமல், பைதனோடு வந்திருக்கும் ஐடில் சாளரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்.

கோண்டாவில் மாணவி:

ஐயா, வாசித்துவிட்டது. ஐடிலில் எல்லாப் பெயர்களும் தமிழில் வருகின்றன. நீங்கள் சொன்ன ஐந்து குறிகளைச் சோதித்துப் பார்க்க, "அம்மா" வின் நீளத்தைக் கேட்டேன். 5 என்றே சொன்னது. நமக்கு அது மூன்றெழுத்துச் சொல் அல்லவா?

வடமராட்சி ஆசிரியர்:

நமக்கு மூன்றுதான். உங்கள் அடுத்த பயிற்சி இதுவே: தமிழ்ச் சொல்லில் உள்ள எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல் எண்ணும் செய்நிரல். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, சொல்லின் ஒவ்வொரு குறியாகப் பார்த்து, அது பட்டியலில் இல்லாவிட்டால் மட்டும் ஒன்றைக் கூட்டுங்கள். பைதனில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதால் "எண்ணிக்கை" என்றே ஒரு மாறியை வைக்கலாம். க்ஷ, ஸ்ரீ போன்றவற்றில் விடை பிசகும், அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் கொப்பியில் எழுதி, சுன்னாகத்து ஐயா சொன்னபடி பெறுமதி அட்டவணை போட்டுவிட்டுத் தட்டுங்கள்.

கோண்டாவில் மாணவி:

கொப்பியில் ஒரு பக்கம், எடிட்டரில் ஏழு வரிகள். முதலில் ஓடவிட்டபோது ஐந்தாம் வரியில் பிழை, முக்காற்புள்ளியை விட்டிருந்தேன், நானே கண்டுபிடித்தேன். இப்போது "அம்மா" வுக்கு 3, "யாழ்ப்பாணம்" என்பதற்கு 6 என்று வருகிறது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், ஆறுதான்.